முழங்கால் காத்திருக்காது

ஏப்ரல் 17 உலக ஹீமோபிலியா நாள். "ரத்தம் உறையாத நோய்க்கு ஜீன் தெரபி வந்துவிட்டதாமே?" என்று கேட்டு நிறையக் கடிதங்கள். இந்த முறை பக்கம் முழுவதும் அதற்கே. என் தம்பிக்கும் இதே நோய்தான். அதனால் சில பதில்கள் நீளும்.

சின்னக் கீறல் பட்டாலே ரத்தம் கொட்டிக்கொண்டே இருக்குமா?
*கல்லூரி மாணவி, கும்பகோணம்*

சினிமாவில் கொட்டும். நிஜத்தில் சின்னக் கீறல் இவர்களுக்குப் பெரிய விஷயமில்லை. அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும். மற்றவர்களைவிட வேகமாக ரத்தம் வழிவதும் இல்லை, நிற்கத்தான் நேரமாகும். பயப்பட வேண்டியது வெளியே தெரியாத ரத்தத்துக்கு: மூட்டுக்குள், தசைக்குள், தலைக்குள் கசிவதற்கு.

என் தம்பிக்கு இடது முழங்கால். பெரும்பாலும் நடுராத்திரியில் எழுந்து உட்காருவான். "அம்மா, எறும்பு ஊறுது" என்பான். பார்த்தால் ஒன்றும் இருக்காது, வீக்கம்கூட இருக்காது. ஆனால் அந்த எறும்புதான் முதல் மணி. இரண்டு மணி நேரத்தில் முழங்கால் சூடாகும், தோல் இழுபட்டுப் பளபளக்கும், காலை மடக்கவும் முடியாது, நீட்டவும் முடியாது. அம்மா துண்டில் ஐஸைச் சுற்றி வைத்துவிட்டு, காலுக்கடியில் தலையணையைத் திணித்துவிட்டு, விடியும்வரை முதல் பஸ்ஸுக்காக உட்கார்ந்திருப்பார். அப்போது எங்கள் ஊரில் ஃபாக்டர் ஊசி கிடையாது.

எறும்பு ஊறும்போதே ஊசி போட்டிருந்தால் வீக்கமே வந்திருக்காது. இது எனக்குப் பத்து வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

'ஃபாக்டர்' என்கிறார்களே, அது என்ன?
*ஆட்டோ ஓட்டுநர், தேனி*

ரத்தம் உறைவது ஒருவர் கை மாற்றி ஒருவர் செங்கல் கொடுக்கிற வேலை மாதிரி. வரிசையில் ஒவ்வொரு புரதமும் அடுத்ததை எழுப்பிவிடும். அந்தப் புரதங்கள்தான் ஃபாக்டர்கள். ரோமன் எண்ணில் பெயர். எட்டாவது ஆள் வராவிட்டால் ஹீமோபிலியா ஏ, ஒன்பதாவது ஆள் வராவிட்டால் பி. ஏ வகை சுமார் 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு வருகிறது. பி அதைவிட அரிது.

சாதாரண ஆளின் அளவை 100 என்று வைத்துக்கொண்டால், 1-க்கும் கீழே இருப்பது கடுமையான நோய். 1 முதல் 5 வரை நடுத்தரம். 5-க்கு மேல் 40 வரை லேசானது. 1-லிருந்து 5-க்கு ஏறினாலே ஒருவர் வாழ்க்கை மாறிப்போகும். கீழே வரும் பதில்களுக்கு இந்த எண்கள் வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

என் மகனுக்குக் காதுகுத்தின் போது ரத்தம் நிற்காமல் போய்த்தான் நோய் தெரிந்தது. "எங்கள் பரம்பரையில் இல்லை, உன் வீட்டு நோய்" என்று மாமியார் தினமும் சொல்கிறார். நான் என்ன செய்ய?
*ஒரு தாய், திண்டிவனம்*

இந்தப் பதிலை அவர் கண்ணில் படும்படி வையுங்கள் அம்மா.

நோய்க்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பையனுக்கு எக்ஸ் தாயிடமிருந்துதான் வரும், அது இயற்கை வகுத்த வழி. அதற்காக அது தாய் செய்த பிழை ஆகிவிடாது. நோய் எந்த வாசல் வழியாக வந்தது என்பது வேறு, யார் குற்றம் என்பது வேறு. அதோடு, ஹீமோபிலியா உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் குடும்பத்தில் முன்பு யாருக்கும் நோய் இருந்ததே இல்லை. மரபணுவில் புதிதாக ஒரு பிழை விழுந்திருக்கும். இங்கிலாந்து விக்டோரியா மகாராணிக்கு முன்னால் அவர் குடும்பத்தில் யாருக்கும் இது இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் அவர் மகன் லியோபோல்ட் 1884-இல், முப்பது வயதில், கால் தவறி விழுந்ததில் இறந்துபோனார். மகாராணியின் பெண் வழிப் பேரப்பிள்ளைகள் மூலம் நோய் ஸ்பெயின், ரஷ்ய அரண்மனைகள்வரை போனது. அரண்மனையையே கேட்டுக்கொண்டு வராத நோய், உங்களைக் கேட்டுக்கொண்டா வந்தது?

நீங்கள் நோயைக் கடத்துபவராக இருந்தால் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வர 50 சதவீத வாய்ப்பு. ஒவ்வொரு மகளும் உங்களைப் போலவே கடத்துபவராக இருக்க 50 சதவீத வாய்ப்பு. உங்களுக்கு ஒரு மகளோ தங்கையோ இருந்தால் அவர்களுக்கும் பரிசோதனை செய்யுங்கள். கடத்தும் பெண்களில் சிலருக்கே ஃபாக்டர் குறைவாக இருக்கும். மாதவிலக்கு நாள்கணக்கில் நீள்வதும், பிரசவத்தில் ரத்தப்போக்கு மிகுவதும் அதனால் இருக்கலாம். "பொம்பளைக்கு இது சகஜம்" என்று அவர்களை அனுப்பிவைக்கக் கூடாது.

அக்கா மகளைக் கட்டியதால்தான் வந்தது என்கிறார்கள். உண்மையா?
*விவசாயி, உசிலம்பட்டி*

சொந்தத்தில் கட்டுவதால் இந்த நோய் உண்டாவதில்லை. பல மரபணு நோய்களுக்குச் சொந்தத் திருமணம் காரணம்; ஹீமோபிலியா அந்தக் கணக்கில் சேராது.

ஆனால் நம் ஊர் வழக்கத்தில் ஒரு இடம் மட்டும் கவனம். ஹீமோபிலியா உள்ள தாய்மாமன் தன் அக்கா மகளைக் கட்டுகிறார் என்று வையுங்கள். அவருக்குத் தாய் வழியாக வந்திருந்தால், அக்கா கடத்துபவராக இருக்கப் பாதி வாய்ப்பு. அக்கா மகள் அப்படி இருக்கக் கால்வாசி. அந்தப் பெண் கடத்துபவராக இருந்துவிட்டால், பிறக்கும் பெண் குழந்தைக்கே முழு நோயும் வரலாம். நிச்சயத்துக்கு முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனை. ஜாதகம் பார்க்கிற வாரத்திலேயே இதையும் பார்த்துவிடலாம்.

'கிறிஸ்துமஸ் நோய்' என்று ஒன்று உண்டாமே?
*பள்ளி ஆசிரியர், தூத்துக்குடி*

ஹீமோபிலியா பி-யின் இன்னொரு பெயர். 1952-இல் இது தனி நோய் என்று கண்டுபிடிக்கப்பட்டபோது முதலில் பதிவான சிறுவனின் பெயர் ஸ்டீபன் கிறிஸ்துமஸ். கட்டுரையும் கிறிஸ்துமஸ் வார இதழில்தான் வந்தது. அந்தப் பையன் வளர்ந்து, தானம் செய்யப்பட்ட ரத்தத்திலிருந்து எடுத்த மருந்தின் மூலம் எச்.ஐ.வி. தொற்றி, 1993-இல் இறந்தார். எண்பதுகளில் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான ஹீமோபிலியாக்காரர்கள் அப்படிப் போனார்கள். இந்த நோயாளிகள் புது மருந்தைப் பற்றி நூறு கேள்வி கேட்பது அதனால்தான். கேட்கட்டும்.

ஜீன் தெரபி என்றால் உடம்பில் வைரஸை ஏற்றுவதாமே! கேட்கவே பயமாக இருக்கிறது.
*இல்லத்தரசி, காரைக்குடி*

வைரஸுக்கு ஒரே ஒரு வித்தை தெரியும்: செல்லின் பூட்டைத் திறந்து உள்ளே போய்த் தன் சரக்கை இறக்கிவிடுவது. விஞ்ஞானிகள் அதன் சொந்தச் சரக்கை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஃபாக்டர் செய்யும் மரபணுவை வைத்து அனுப்புகிறார்கள். வண்டி அதனுடையது, லோடு நம்முடையது. ஏ.ஏ.வி. என்ற வைரஸ் மனிதருக்கு எந்த நோயும் தராதது, கல்லீரலுக்குப் போகக்கூடியது. கையில் ஒரே ஒரு முறை டிரிப்ஸ். பிறகு கல்லீரலே ஃபாக்டர் தயாரிக்கும்.

2011-இல் லண்டனிலும் அமெரிக்காவின் மெம்பிஸிலும் இருக்கும் மருத்துவர்கள் சேர்ந்து ஹீமோபிலியா பி உள்ள 6 பேருக்கு இப்படிக் கொடுத்த முடிவை வெளியிட்டார்கள். முதல் உறுதியான வெற்றி அது. இன்னொரு அதிர்ஷ்டம் இத்தாலியின் படுவா நகரத்திலிருந்து வந்தது. ஓர் இளைஞருக்குக் காலில் ரத்தம் கட்டிக்கொண்டது. ஆராய்ந்தால் அவருடைய ஒன்பதாம் ஃபாக்டர் மற்றவர்களுடையதைப் போலச் சுமார் 8 மடங்கு வீரியம். புரதத்தில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. 2009-இல் அது அச்சேறியது. இப்போது ஒன்பதுக்கான ஜீன் தெரபிகளில் போகும் சரக்கு அந்தப் படுவா வகைதான். ஒருவரை மருத்துவமனைக்கு அனுப்பிய பிழை இன்னொருவருக்கு மருந்தாகிவிட்டது. எனக்கு இந்த மொத்தக் கதையிலும் மிகவும் பிடித்த இடம் இது.

எட்டு குறைந்தவர்கள்தானே அதிகம்? ஏன் ஒன்பதுக்கு முதலில் வழி பிறந்தது?
*பொறியாளர், கோவை*

பை சின்னது, அதனால். ஏ.ஏ.வி. ஏற்றக்கூடிய மரபணுச் சரக்கு சுமார் 4,700 எழுத்து. ஒன்பதின் செய்முறை சுமார் 1,400 எழுத்துதான், தாராளமாக அடங்கும். எட்டின் செய்முறை 7,000. மூட்டை அரிசியை மஞ்சப்பையில் கட்டச் சொன்னால் எப்படி? எட்டின் நடுவில் 'பி' என்றொரு பகுதி, உறைதலுக்கு அவசியமில்லாதது. அதை வெட்டிவிட்டுத்தான் திணித்தார்கள். திணித்தாலும், வருஷம் போகப்போக எட்டின் அளவு இறங்குகிறது. ஒன்பது அதைவிட நிலையாக நிற்கிறது.

வேலூரில் சாதித்துவிட்டார்கள் என்று படித்தேன். விவரம் சொல்லுங்கள்.
*ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், ஆரணி*

சந்தோஷமாகச் சொல்கிறேன். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையும் அங்கேயே இருக்கும் ஸ்டெம் செல் ஆய்வு மையமும், மருத்துவர் அலோக் ஸ்ரீவஸ்தவா தலைமையில், அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து செய்த வேலை. 2024 டிசம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியானது.

இவர்கள் கல்லீரல் வழியை விட்டுவிட்டு வேறு வழியில் போனார்கள். நோயாளியின் ரத்தத்திலிருந்தே ஸ்டெம் செல்களைப் பிரித்தெடுத்தார்கள். ஆய்வகத்தில், லென்டி வைரஸ் என்ற இன்னொரு வண்டியில் எட்டாம் ஃபாக்டர் மரபணுவை ஏற்றி அந்தச் செல்களுக்குள் இறக்கினார்கள். இந்த வண்டியில் ஏ.ஏ.வி.யைவிட இடம் அதிகம். அனுப்பிய மரபணுவும் மனித எட்டாம் ஃபாக்டரோடு பன்றியினுடையதில் ஒரு பகுதியைச் சேர்த்துச் செய்தது; அது செல்லிலிருந்து நன்றாகச் சுரக்கும் என்பதால். பிறகு நோயாளிக்குக் கீமோ கொடுத்து எலும்பு மஜ்ஜையில் இடம் காலிசெய்துவிட்டு, மாற்றிய செல்களைத் திருப்பி ஏற்றினார்கள். அவை மஜ்ஜையில் குடியேறி, ரத்தத்தின் வெள்ளை அணுக்களில் ஒரு வகையாக வளர்ந்து, ஃபாக்டரைச் சுரக்கின்றன.

கலந்துகொண்டவர்கள் 5 ஆண்கள், 22 வயது முதல் 41 வரை, எல்லாருக்கும் கடுமையான நோய். முதல் இருவருக்கு அளவு ஒற்றை இலக்கத்தைத் தாண்டவில்லை. அடுத்த மூவருக்கு, வைரஸ் செல்லுக்குள் நுழைவதைச் சுலபமாக்கும் ஒரு பொருளையும் சேர்த்தார்கள். ஒருவருக்கு 19-ஐத் தாண்டியது, மற்ற இருவருக்கு 40-ஐ நெருங்கியது. ஐந்து பேரையும் கண்காணித்த மாதங்களைக் கூட்டினால் 81 மாதம். அந்த 81 மாதத்திலும் ஒரு ரத்தக்கசிவுகூட இல்லை.

இதைப் படித்த அன்று தம்பிக்குப் போன் செய்தேன். "யாருக்கும் எறும்பு ஊறலையாடா" என்றேன். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை.

ஐந்து பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். கீமோ லேசானதல்ல: முடி கொட்டும், சில வாரம் தனியறை, தொற்று வராமல் காவல். இது இன்னும் ஆராய்ச்சி நிலையில்தான் இருக்கிறது. போய்ப் பணம் கட்டி வாங்கிக்கொள்ளும் சிகிச்சை இல்லை.

அமெரிக்காவில் விற்கும் மருந்தின் விலை 30 கோடியாமே?
*ஜவுளிக்கடை ஊழியர், ஈரோடு*

ஹீமோபிலியா பி-க்கான 'ஹெம்ஜெனிக்ஸ்' 2022 நவம்பரில் அனுமதி பெற்றது. ஒரு டோஸ் 35 லட்சம் டாலர். நம் பணத்தில் ஏறக்குறைய 30 கோடிதான். அதன் சோதனையில் 54 பேர். வருஷத்துக்குச் சராசரியாக 4 முறைக்கு மேல் கசிந்துகொண்டிருந்தது ஒன்றரை முறையாகக் குறைந்தது. ஏ-க்கான 'ராக்டேவியன்' 2023-இல் அங்கே வந்தது, 29 லட்சம் டாலர். ஃபைஸரின் 'பெக்வெஸ்' 2024-இல் அனுமதி வாங்கி, வாங்க ஆளில்லாமல் 2025 பிப்ரவரியில் நிறுத்தப்பட்டது. மருந்து வேலை செய்தது. விலையும், வருஷங்கள் கழித்து என்ன ஆகும் என்ற தயக்கமும் சேர்ந்து அதைக் கவிழ்த்தன. வேலூர் மாதிரி ஓர் ஊரில் உள்ளூரிலேயே செல்லை எடுத்து உள்ளூரிலேயே மாற்றுவது எவ்வளவு பெரிய காரியம் என்று இதிலிருந்து புரிந்துகொள்ளுங்கள்.

என் பையனுக்கு 6 வயது. ஜீன் தெரபிக்கு எப்போது கூட்டிப் போகலாம்? நிலத்தை விற்கவும் தயார்.
*ஒரு தந்தை, திருப்பத்தூர்*

நிலம் இருக்கட்டும் ஐயா. இப்போது எந்த விலை கொடுத்தாலும் ஆறு வயதுக்கு இது கிடையாது.

காரணத்தைக் கேளுங்கள். ஏ.ஏ.வி. கொண்டுவரும் மரபணு, செல்லின் குரோமோசோமோடு பெரும்பாலும் ஒட்டாது. பக்கத்தில் தனியாக இருக்கும். குழந்தையின் கல்லீரல் வளர வளர செல்கள் பெருகும், ஆனால் அந்த மரபணு பெருகாது. பாலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போவது மாதிரி நீர்த்துவிடும். இரண்டாம் முறை கொடுக்கவும் முடியாது. முதல் முறையிலேயே உடம்பு அந்த வைரஸை எதிரியாக அடையாளம் வைத்துக்கொள்ளும். அதனால்தான் இந்த மருந்துகள் பெரியவர்களுக்கு மட்டும். வேலூர் வழியில் மரபணு ஸ்டெம் செல்லின் குரோமோசோமிலேயே சேர்ந்துவிடுவதால் வளர்ச்சியோடு நீர்த்துப்போகக் கூடாது, கொள்கை அளவில். ஆனால் அதையும் முதலில் பெரியவர்களிடம் பார்த்துத் தீரவேண்டும்.

நான் சொல்ல வந்தது இதுதான். ஜீன் தெரபி கசிவை நிறுத்தும். ஏற்கெனவே தேய்ந்துபோன மூட்டை அது திருப்பித் தராது. ஒரே மூட்டில் திரும்பத் திரும்ப ரத்தம் கசிந்தால் உள்சவ்வு தடிக்கும், தடித்த சவ்வில் இன்னும் சுலபமாகக் கசியும், குருத்தெலும்பு அரிக்கும். என் தம்பிக்கு 19 வயதில் இடது முழங்கால் மடங்குவது நின்றது. நாளைக்கே உலகின் மிகச் சிறந்த ஜீன் தெரபி இலவசமாகக் கிடைத்தாலும் அந்தக் கால் மடங்காது. உங்கள் பையன் இருபது வயதில் அந்த சிகிச்சையின் வாசலுக்கு இரண்டு நல்ல முழங்காலோடு நடந்து போகவேண்டும். அதற்கான வேலை இன்றைக்கு இருக்கிறது.

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் ஃபாக்டர் இலவசமாகக் கிடைக்கிறது. கசிந்த பிறகு ஓடாமல், கசிவதற்கு முன்பே வாரம் இரண்டு மூன்று முறை குறைந்த அளவில் போட்டுக்கொள்வதைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். கசிந்து கசிந்து போடுவதைவிட மூட்டுக்கு அதுதான் காவல். ஏ வகையாக இருந்தால் 'எமிசிசுமேப்' பற்றியும் கேளுங்கள். எட்டாம் ஃபாக்டரின் வேலை ஒன்பதையும் பத்தையும் சேர்த்து வைக்கிற கல்யாணத் தரகு. இந்த மருந்து ஒரு கையால் ஒன்பதையும் மறு கையால் பத்தையும் பிடித்துக்கொண்டு அதே தரகைப் பார்க்கிறது. நரம்பு தேட வேண்டாம், தோலுக்கடியில் ஊசி. வாரம் ஒன்றோ, இரு வாரத்துக்கு ஒன்றோ, மாதம் ஒன்றோ. ஃபாக்டருக்கே எதிர்ப்பு உண்டாகிவிட்ட பிள்ளைகளுக்கும் இது வேலை செய்கிறது.

2016-இன் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இருக்கும் 21 வகைகளில் ஹீமோபிலியாவும் ஒன்று. அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள்.

ஜீன் தெரபியில் உயிருக்கு ஆபத்து இல்லையா? ஒளிக்காமல் சொல்லுங்கள்.
*செவிலியர், நாகர்கோவில்*

1999-இல் அமெரிக்காவில் ஜெஸ்ஸி கெல்சிங்கர் என்ற 18 வயது இளைஞர், வேறொரு நோய்க்கான சோதனையில், வேறு வகை வைரஸ் ஏற்றிய நான்காம் நாள் இறந்தார். சில வருஷம் கழித்துப் பாரிஸில், எதிர்ப்புச் சக்தியே இல்லாமல் பிறந்து ஜீன் தெரபியால் குணமான குழந்தைகளில் சிலருக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. போன மரபணு தவறான இடத்தில் ஒட்டிக்கொண்டதால். இன்றைய வண்டிகள் அந்த இரண்டு பாடத்துக்குப் பிறகு கட்டியவை. இருந்தாலும் குரோமோசோமில் ஒட்டும் வகை என்றால் 15 வருஷம்வரை கண்காணிக்கச் சொல்கிறது அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. ஏ.ஏ.வி. வகையில் அடிக்கடி வருவது கல்லீரல் என்சைம் ஏறுவது. பல மாதம் ஸ்டீராய்டு சாப்பிட வேண்டியிருக்கும்.

முருங்கைக்கீரை சாப்பிட்டால் ஃபாக்டர் ஏறுமா?
*வாசகி, நாமக்கல்*

இரும்புச்சத்து ஏறும். ஃபாக்டர் ஏறாது.

ஜீன் தெரபி எடுத்துக்கொண்டவரின் பிள்ளைகளுக்கு நோய் போகாதல்லவா?
*புதுமணத் தம்பதி, சென்னை*

மகன்களுக்கு எப்படியும் போகாது, அப்பாவிடமிருந்து அவர்களுக்குப் போவது ஒய்தான். மகள்கள் எல்லாரும் கடத்துபவர்கள்தான், சிகிச்சைக்குப் பிறகும். கல்லீரலிலோ மஜ்ஜையிலோ வைத்த மரபணு விந்தணுவுக்குப் போவதில்லை. போகக் கூடாது என்றுதான் அப்படிச் செய்கிறார்கள்.

முழங்கால் வீங்கினால் உருவிவிடலாமா? எங்கள் ஊரில் சுளுக்கு எடுப்பவர் கைராசிக்காரர்.
*பெட்டிக்கடைக்காரர், அருப்புக்கோட்டை*

வேண்டவே வேண்டாம். தம்பிக்கு நாலு வயதில் எங்கள் வீட்டிலும் அதைத்தான் செய்தோம். விளக்கெண்ணெய் தடவி நன்றாக இழுத்துவிட்டார்கள். அவன் கத்தினான், நான்தான் காலைப் பிடித்துக்கொண்டேன். அன்று ராத்திரி கால் பலாப்பழம் மாதிரி ஆனது. உருவுவது, ஒத்தடத்துக்கு வெந்நீர், தசையில் போடும் ஊசி, ஆஸ்பிரின் நான்கும் கூடாது. அசைக்காமல் வையுங்கள், ஐஸ் வையுங்கள், லேசாகக் கட்டுங்கள், காலை உயர்த்துங்கள், ஃபாக்டருக்கு ஓடுங்கள். வீக்கம் முழுக்க வடிந்த பிறகு பிசியோதெரபிஸ்ட் சொல்கிறபடி பயிற்சி. தலையில் அடிபட்டால் வீக்கத்துக்காகவும் காத்திருக்காதீர்கள். முதலில் ஃபாக்டர், பிறகு ஸ்கேன்.

எனக்கு ஹீமோபிலியா. நான் சைக்கிள் ஓட்டலாமா? அம்மா விடமாட்டேங்கறாங்க.
*நான்காம் வகுப்பு மாணவன், சங்கராபுரம்*

ஓட்டலாம் கண்ணா. டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, ஃபாக்டர் போட்ட அன்றைக்குக் காலையில் ஓட்டு. ஹெல்மெட், முட்டிக்கு உறை இரண்டும் கட்டாயம். ரோட்டில் வேண்டாம், பள்ளி மைதானத்தில் ஓட்டு. நீச்சல் இதைவிட நல்லது. தொடைத் தசை கெட்டியானால் முழங்காலை அது பிடித்துக்கொள்ளும். கபடி மட்டும் வேண்டாம். கால்ல எறும்பு ஊறுகிற மாதிரி இருந்தால் உடனே இறங்கி அம்மாவிடம் சொல்லிவிடு. சைக்கிளைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயந்து மறைக்காதே. பிடுங்க மாட்டார்கள், நான் அம்மாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போட்டிருக்கிறேன்.